சூத்திரமும் நிபந்தனையும்: இரு மின்தடைகளின் கதை

நான்கு சிறு மின்கலங்களால் பாடும் வானொலிப் பெட்டிக்கு 6 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். மின்கலச் செலவைத் தவிர்க்க எண்ணி, இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்ட எம் பழைய மாணவர் சிலர், மேருவில் எங்கள் தோட்டப் பள்ளியில் கூடி, 12 வோல்ட் அடாப்டரிலிருந்து அதனைப் பெற முயன்றனர். அவர்கள் கையாண்டது எல்.எம். 317 என்னும் மின்னழுத்தச் சீராக்கி. 1976இல் அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் ராபர்ட் டாப்கின் முதலியோர் ஆக்கியது அது. அந்நிறுவனத்தை 2011இல் வாங்கிய டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்குக் கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் தொழிற்சாலைகள் உண்டு.

இச்சீராக்கிக்குக் கால்கள் மூன்று. வெளியீட்டுக் காலுக்கும் திருத்தக் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் நிலவுமாறு அது காக்கிறது. அவ்விரு கால்களுக்கு நடுவே முதல் தடையையும், திருத்தக் காலிலிருந்து எதிர்முனைக்கு இரண்டாம் தடையையும் இணைக்க வேண்டும். முதல் தடையில் ஓடும் மின்னோட்டமே இரண்டாவதிலும் ஓடும். ஆகவே, ஓம் விதிப்படி, இரண்டாம் தடையை முதல் தடையால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.25ஆல் பெருக்கினால் வருவதே வெளியீட்டு மின்னழுத்தம்.

மாணவர்கள் 1,000 ஓமும் 3,900 ஓமும் தேர்ந்தனர். கணக்குப்படி 6.1 வோல்ட் வரவேண்டும். வானொலியை இணைக்குமுன் அளந்தபோது, மானி அதனினும் மிகுதியாகக் காட்டிற்று. "ஐயா, சூத்திரம் தவறா?" என்றான் ஒருவன். எனக்கும் அன்று விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். தயாரிப்பாளரின் விவரக் குறிப்பை நாங்கள் சேர்ந்து படித்த பின்னரே உண்மை விளங்கிற்று.

சூத்திரம் விகிதத்தையே சொல்கிறது. சீராக்கி ஒழுங்காக இயங்கவோ, சிறிதளவு மின்னோட்டம் அதிலிருந்து ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். 10 மில்லியாம்பியர் இருந்தால் ஐயமில்லை. 1,000 ஓம் தடையில் ஓடுவது 1.25 மில்லியாம்பியரே. அது போதாமையால் மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. அன்றியும், திருத்தக் காலிலிருந்து கசியும் ஏறத்தாழ 50 மைக்ரோஆம்பியர், 3,900 ஓமில் பாய்ந்து மேலும் 0.2 வோல்ட்டைக் கூட்டுகிறது.

பின்னர் 120 ஓமும் 470 ஓமும் வைத்தோம். முதல் தடையில் 10.4 மில்லியாம்பியர் ஓடியது. கசிவால் வரும் பிழை 0.02 வோல்ட்டாகச் சுருங்கியது. மானி 6.2 வோல்ட்டை ஒட்டி நின்றது. நான்கு புதிய மின்கலங்களும் ஏறக்குறைய அவ்வளவே தருமாதலால், வானொலிக்கு ஊறில்லை.

விகிதம் ஏறத்தாழ ஒன்றே; அளவு வேறு. சூத்திரத்தைக் கற்பிக்கும் நாம், அது எந்நிலையில் செல்லும் என்பதையும் உடன் கற்பிப்போமாக. இன்றேல், மாணவன் தன் கணக்கையே ஐயுறுவான்.