கல்யாண வீடியோ நத்தையாய் நகருதா? புது லேப்டாப்புக்குக் கடன் வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

மதுரை—

முகூர்த்த மாதம் முடிந்தால் கல்யாண வீட்டாருக்கு நிம்மதி. வீடியோக்காரருக்கு அப்போதுதான் தலைவலி ஆரம்பம்!

"ஏந்தம்பி, மாசம் மூணாச்சு. பொண்ணு முழுகாம இருக்கா. கல்யாண வீடியோ எப்பத்தான்யா தருவீங்க?" என்று போனுக்கு மேல் போன்.

"இந்த வாரம் முடிஞ்சிரும்ணே" என்று பதில். ஆனால் முடிவதில்லை.

காரணம் சோம்பல் அல்ல. லேப்டாப் ஓட மறுக்கிறது! தாலி கட்டும் காட்சியை வெட்டி ஒட்டப் போனால் படம் திக்கித் திணறி நிற்கிறது. கெட்டிமேளம் மட்டும் கேட்கிறது. மாப்பிள்ளை கை அந்தரத்தில் நிற்கிறது!

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி இந்தத் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. வீடியோவைக் கொடுத்தால்தான் பாக்கிப் பணம் கைக்கு வரும். நகையை அடகு வைத்துப் புது லேப்டாப் வாங்கிவிடலாமா என்று யோசனை ஓடும்.

கொஞ்சம் பொறுங்கள். நோய் எது என்று தெரியாமல் மருந்து வாங்கலாமா?

நாடி பார்ப்பது எப்படி?

விண்டோஸ் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்பார்மன்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். பிறகு எடிட்டிங்கை ஓட விட்டு, எந்த முள் உச்சிக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

'மெமரி' நிரம்பி வழிகிறதா? ராம் போதவில்லை. 8 ஜி.பி. வைத்துக் கொண்டு 4கே படம் வெட்டுவது ஷேர் ஆட்டோவில் கல்யாண கோஷ்டியை ஏற்றுவது போல. 16 ஜி.பி. ஆக்குங்கள். பல லேப்டாப்புகளில் கூடுதல் ராம் சொருக இடம் இருக்கும். சிலவற்றில் போர்டோடு ஒட்டியிருக்கும். கடையில் திறந்து காட்டிக் கேட்டுக் கொள்வது நல்லது.

'டிஸ்க்' 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கே குற்றவாளி. அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் ஆளே மாறிவிடும். பென்டிரைவில் வைத்தபடியே எடிட் செய்வதும் தவறு. உள்ளே காப்பி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

வெயில் செய்யும் வேலை

அடுத்தது 'சி.பி.யூ.' அதன் வேகம் ஆரம்பத்தில் 3 கிகாஹெர்ட்சுக்கு மேல் இருந்து, பத்து நிமிடத்தில் 1.5-க்கு இறங்குகிறதா? சூடுதான் காரணம்!

பல பிராசசர்கள் சுமார் 100 டிகிரி சூட்டைத் தொட்டதும், கருகிவிடாமல் இருக்கத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியை எட்டும் ஊர். தகரக் கூரை அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்தால் அது என்ன செய்யும், பாவம்!

பலகை மேல் வையுங்கள். பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். மின்விசிறித் துவாரத்துத் தூசியை எடுக்கச் சொல்லுங்கள். சில வருடம் ஆன மெஷின் என்றால் பிராசசர் மேல் பூசும் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள். சார்ஜரைச் சொருகியே வேலை செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் வேகத்தை அடக்கிக் கொள்ளும்.

அசல் வில்லன் யார்?

சூடு இல்லை, மெமரி இருக்கிறது, எஸ்.எஸ்.டி.யும் இருக்கிறது. அப்படியும் படம் திக்குகிறதா? வில்லன் காமிராவிலிருந்து வந்த பைல்தான்!

4கே படத்தின் ஒரு பிரேமில் 82,94,400 புள்ளிகள். வினாடிக்கு 25 பிரேம். அத்தனையையும் அப்படியே வைத்தால் இடம் கொள்ளாது. அதனால் எச்.264 (2003), எச்.265 (2013) என்ற முறைகளில் சுருக்கி வைக்கிறார்கள்.

சுருக்குவது எப்படி? மளிகைக் கடை நாளேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். 1-ந்தேதி பக்கத்தில் முழு இருப்பு இருக்கும். மற்ற நாட்களில் வந்தது, போனது மட்டும் இருக்கும். 17-ந்தேதி இருப்பு என்ன என்று கேட்டால் முதலிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும்.

வீடியோவும் அப்படித்தான். எப்போதாவது ஒரு முழுப் படம். நடுவில் மாற்றங்கள் மட்டும். நேராக ஓடினால் சமாளிக்கும். எடிட்டர் முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, ஒவ்வொரு முறையும் கணக்கை மறுபடி போட வேண்டும். மூச்சு வாங்காதா?

கோடம்பாக்கம் காட்டிய வழி

பிலிம் காலத்தில் யாரும் நெகடிவில் நேராகக் கத்தரி வைக்கவில்லை. ரஷ் பிரிண்ட் போட்டு அதில்தான் வெட்டினார்கள். எல்லாம் முடிவான பிறகே அதன்படி நெகடிவை வெட்டினார்கள்.

இன்றைய 'பிராக்ஸி' அதே வித்தைதான்! பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. பெரிய பைலுக்குப் பதில் சிறிய நகல் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கும். 1280-க்கு 720 அளவு நகலில் புள்ளிகள் 4கே-யில் 9-ல் 1 பங்குதான். புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். முறையில் நகல் எடுத்தால், ஒவ்வொரு பிரேமும் முழுப் பக்கம். கூட்டிக் கழிக்கும் வேலையே இல்லை.

இரவு படுக்கப் போகும்போது நகல் எடுக்கப் போட்டுவிட்டால் காலையில் தயார். வெட்டுவது நகலில். கடைசியில் 'எக்ஸ்போர்ட்' செய்யும்போது அசல் பைலிலிருந்தே படம் வரும். தெளிவு குறையாது. செலவு? இடம் மட்டும்தான்!

ஒரு எச்சரிக்கை: வேலை முடியும் வரை அசல் பைலை அழிக்காதீர்கள். பெயரையும் மாற்றாதீர்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் நகரவில்லை என்றால், அப்போது புது லேப்டாப் வாங்குங்கள். குறை சொல்ல யாரும் இல்லை. ஆனால் தூசி தட்டினால் தீரும் வியாதிக்குத் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாமே!