கடற்கரை விடுமுறையும் தென்கரைப் பழம்பட்டினங்களும்

தென்கரையிலே ஐந்து நாள் தங்கி வரலாமென்று குடும்பத்தோடு புறப்படுவோர்க்கு முதலிரு நாட்களும் கடல் ஒன்றே போதும். மூன்றாம் நாட் காலையிலேதான் சங்கடம் ஆரம்பமாகும். பிள்ளைகளின் முதுகு வெயிலிலே சிவந்து எரியும். உப்புநீரில் ஊறிய உடுப்புகள் காயமாட்டா. பெரியவர்கள் பத்திரிகையை இரண்டாம் முறையும் வாசித்து முடித்திருப்பர். "இனி எங்கே போகலாம்?" என்ற கேள்வி அப்பொழுது எழும். அதற்கான விடையை வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே தேடி வைத்துக்கொள்ளுதல் நன்று.

இதனை நாம் பட்டே அறிந்தோம். முதன்முறை சென்றபோது உனவட்டுனையில் தங்கியிருந்து, வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, காலி, வெலிகம, மாத்தறை, தெவிநுவர, அம்பாந்தோட்டை ஆகிய ஐந்தையும் ஒரே நாளிற் பார்த்துவிடுவதென்று துணிந்தோம். வானுக்குக் கொடுக்கும் காசுக்கு எவ்வளவு தூரம் ஓடலாமோ அவ்வளவும் ஓடிவிட வேண்டுமென்ற எண்ணம்! அம்பாந்தோட்டையை அடைந்தபோது பிள்ளைகள் இருவரும் உறங்கிவிட்டனர். மூத்தவன் வழியிலேயே இருமுறை வாந்தியெடுத்திருந்தான். அன்று பார்த்தவற்றுள் எது எந்த ஊர் என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பின்னர் நாம் ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்றே வைத்துக்கொண்டுள்ளோம். காலை ஆறரை மணிக்குப் புறப்படுதல், வெயில் ஏறுமுன் பார்க்கவேண்டியதைப் பார்த்தல், மதிய போசனத்துக்குத் திரும்புதல், மாலையிற் கடல். இதுவே எமது ஒழுங்கு.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி தொடக்கம் சித்திரை வரையிலேதான் தென்கரைக் கடல் அமைதியாயிருக்கும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்துவிட்டால் அலை கொந்தளிக்கும். அக்காலத்தில் ஊர் பார்க்கலாமேயன்றிக் கடலில் இறங்குதல் ஆகாது. சிவப்புக் கொடி பறக்குமிடத்தில் எக்காலத்திலும் இறங்கலாகாது.

பிரயாணம் தொடங்குவது தென்கரையிலன்று, கொழும்பு நூதனசாலையிலே என்பது எமது கொள்கை. அங்கே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஒரு கல் இருக்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சீன வாசகம் புத்தபெருமானுக்கும், தமிழ் வாசகம் தெனாவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமியர்க்குரிய புனிதத்துக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என அக்காணிக்கைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே மூவர்க்கும் பகிரப்பட்டுள்ளன. 1911ஆம் ஆண்டிற் காலி நகரில் வீதியோரத்து மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தபோது பொறியியலாளர் ஒருவர் கண்ணில் அது பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட சாசனத்தின் மீது வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தனவென்றால் எவர்தாம் நம்புவர்!

இக்கல்லைச் சமய ஒற்றுமைக்கு மாத்திரமே சான்றாகக் காட்டுவோருளர். நாம் முழுவதும் உடன்படோம். கல் பொறித்து ஏறத்தாழ ஈராண்டில், 1411இல், அதே கடற்படை இந்நாட்டு ஆட்சியாளனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. காணிக்கை கொண்டுவந்த கப்பல்களே படையையும் கொண்டுவந்தன. மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே அறிந்துகொள்ளவேண்டும்.

காலிக்குப் புகையிரதத்திற் செல்லுதல் உத்தமம். அதிவேக நெடுஞ்சாலை 2011இற் காலிவரை திறக்கப்பட்டபின் விரைவாகச் செல்ல வழியுண்டாயினும், கடலைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்டவாளத்தின் இன்பம் அதிலில்லை. ஹிக்கடுவைக்குச் சற்று முன்னே பெரேலிய என்னுமிடத்தை வண்டி கடக்கும். 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை புகையிரதமொன்றைப் புரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன இடம் அது. அப்பேரலை காலி பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அழித்தது. கோட்டைக்குள் இருந்தோரை ஒல்லாந்தர் எழுப்பிய மதில்கள் பெரும்பாலும் காத்தன. எதிரியின் பீரங்கிக்கென எழுந்த சுவர் கடலைத் தடுத்து நின்றது.

கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடக்கினர். 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்தனர். 1796இல் ஆங்கிலேயர் பெற்றனர். இதனைப் பாடமாக ஒப்புவிப்பதிலும் பழைய வாயிலிற் காட்டுவது எளிது. வெளிப்புறத்தில் ஆங்கில முடியின் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கொம்பனியின் சின்னம், மேலே ஒரு சேவல். எமது இளையவள் அச்சேவலைத்தான் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றாள். கடல்நீர் ஏறியிறங்கும்போது தானே கழுவிச் செல்லுமாறு ஒல்லாந்தர் அமைத்த நிலக்கீழ் வடிகால்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1755இல் முற்றுப்பெற்ற ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையிற் பதித்த கல்லறைக் கற்களையும், 1939இற் கட்டிய வெளிச்சவீட்டையும் பார்த்து, மதிலின் மேலே ஒரு சுற்று நடந்தால் காலைப்பொழுது கழிந்துவிடும். வெளிச்சவீட்டருகிலுள்ள பள்ளிவாசல் தூரத்தில் நின்று பார்ப்போர்க்கு மாதாகோவில் போலத் தோன்றும். கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் மக்களின் வாயிலே தமிழைக் கேட்கலாம். வழி விசாரிக்கச் சிங்களத்திற் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த எமக்கு, அவர்கள் தமிழிலே விடை தந்து சிரித்தனர்.

கொக்கலையில் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் இல்லத்தோடமைந்த நாட்டார் நூதனசாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அஹங்கமப் பகுதியிற் கம்பத்தின் மேலிருந்து தூண்டில் போடுவோர் இப்பொழுது பெரும்பாலும் படம் பிடிப்போர்க்காகவே அமர்ந்திருக்கின்றனர், படமெடுத்தாற் பணம் கேட்பார்கள், முன்னரே பேசிக்கொள்ளுங்கள். மாத்தறையில் 1765ஆம் ஆண்டு பொறித்த வாயிலையுடைய சிறிய நட்சத்திரக் கோட்டை பார்க்கத்தக்கது. அம்பாந்தோட்டையை ஒரு நாட் பிரயாணத்தில் அடக்குதல் வேண்டா. உப்பளமும் மலாய் மக்களின் தெருக்களும் இரவு தங்கிப் பார்க்கவேண்டியவை.

எஞ்சியிருப்பது தெவிநுவர, நம்மவர் தேவேந்திரமுனை என்பர். மாத்தறையிலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவே. கல்வெட்டு நாயனாரின் தெனாவரை இதுவே. 1344இல் இங்கு வந்த இபுன் பதூதா, ஆளுயரப் பொற்சிலையொன்றையும், இரவில் விளக்குப்போல ஒளிரும் அதன் இரத்தினக் கண்களையும், ஆயிரம் அந்தணரும் யோகிகளும் இருந்ததையும் எழுதிவைத்துள்ளார். கடலிற் செல்வோர்க்குக் கோயில் ஒரு நகரம்போலத் தோன்றியதென்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் குறித்துள்ளார். 1588இற் கொழும்பை முற்றுகையிட்டிருந்த சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கனின் கவனத்தைத் திருப்ப, போர்த்துக்கேயர் கப்பலில் வந்து அக்கோயிலைக் கொள்ளையிட்டு எரித்தனர். அதனைப் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாக எண்ணும் சைவரும் உளர். சிங்கள மக்கள் அவ்விடத்தில் இன்றும் விஷ்ணுவை வழிபடுகின்றனர்.

இம்முறை ஊரிலிருந்து எமது பெரியம்மாவும் வந்திருந்தார். முழங்கால் நோவினால் நூதனசாலைக்கு வராதவர், கோயிலென்றதும் முந்திப் புறப்பட்டுவிட்டார். நீல வர்ணம் பூசிய தேவாலயத்தின் முன் கற்பூரம் கொளுத்தவேண்டுமென்று கையிற் கொண்டும் வந்திருந்தார். "பழைய கோயில் எங்கே தம்பி?" என்று கேட்டார். நாம் நிலத்தைக் காட்டினோம். புல்லில் நின்ற சில கற்றூண்களையும் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பூத்தட்டு விற்ற சிங்கள மூதாட்டி ஒருத்தி, மொழி அறியாமலே அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, தட்டை ஏந்தும் முறையையும் காட்டிக்கொடுத்தாள். இருவரும் ஒன்றாகவே வெளியே வந்தனர்.

பின்னர் வெளிச்சவீட்டுக்குப் போனோம். 49 மீற்றர் உயரமான அது 1890இல் ஒளியேற்றப்பட்டது. அதற்கப்பால் தென்துருவக் கண்டம்வரை நிலமென்பதே இல்லையென்று சொன்னதும் பிள்ளைகள் பாறையில் ஏறிப் பார்க்கத் தொடங்கினர். பெரியம்மா மாத்திரம் நிழலிலிருந்தபடி, "அந்தக் கல்லிலே எங்கட எழுத்து வாசிக்கத்தக்கதாய் இருக்குதோ?" என்று வினவினார்.

கொழும்புக்குத் திரும்பிய அன்று, யாழ்ப்பாணம் செல்லும் வண்டிக்கு முன்னர் அவரை நூதனசாலைக்கு அழைத்துச் சென்றோம். நோவுற்ற காலோடு அரைமணி நேரம் அக்கல்லின் முன் நின்றார். சில எழுத்துக்கள் பிடிபட்டன, பல தேய்ந்திருந்தன. அன்றிரவு வண்டியைத் தவறவிட்டு மறுநாட் காலையிலேதான் அவர் ஊருக்குப் புறப்பட்டார்.