‘மாமா, கிட்டப் போகாதீங்க!’: சிவகாசிக் குழந்தைகளுக்குச் சிரிப்பு நாடகம் எழுதுவது எப்படி?

பற்றவைத்த வெடி ஒன்று வெடிக்கவில்லை. நமுத்துப்போயிருக்கும் போல. “நகருங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் குனியப் போகிறார் வெடிவேலு மாமா. தரையில் உட்கார்ந்திருக்கும் நாலாம் வகுப்பு மொத்தமும் கத்துகிறது: “மாமா, போகாதீங்க!”

“என்னது, போயிட்டு வரவா?”

“போகாதீங்க!”

“ஓ... போட்டோ எடுக்கணுமா?”

வெடிவேலு மாமா நிஜ ஆள் இல்லை. இந்தக் கட்டுரைக்காக எழுதிப் பார்த்த மாதிரிக் காட்சி இது. ஆனால், குழந்தைகளைச் சிரிக்கவைத்து, பதிலும் சொல்லவைக்கும் நாடகத்தின் சூட்சுமம் இந்த நாலு வரியில் இருக்கிறது. மேடையில் இருக்கும் பெரியவருக்கு எதுவும் தெரியாது. கீழே இருக்கும் குழந்தைக்கு எல்லாம் தெரியும்.

பார்ப்பவர்களும் பேசும் நாடகம் புதுசா?

இல்லவே இல்லை. விருதுநகர், மதுரைப் பக்கம் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ பார்த்தவர்களுக்கு பஃபூனைத் தெரியும். கதை தொடங்கும் முன்பே மேடைக்கு வந்து, முன்வரிசைக்காரரை வம்புக்கு இழுப்பார். தெருக்கூத்தில் இதே வேலையைக் கட்டியங்காரன் செய்வார்.

சிறுவர்கள் மேடையேறியதும் நமக்குப் பழையதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக நடித்தது அங்கேதான். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். ஆனால், அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் நடித்தது பெரியவர்கள் பார்க்கும் கதைகளில். வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். குழந்தை நடித்தது, சரி. குழந்தைக்காக நாடகம் எழுதப்பட்டதா? அதுதான் கேள்வி.

அந்தக் குறையைப் பிற்பாடு சிலர் தீர்த்தார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் ‘கடல் பூதம்’, ‘தேவலோக யானை’ போன்ற நாடகங்களோடு பள்ளி பள்ளியாகப் போனார். அவர் நாடகத்தில் குழந்தைகள் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது, குரல் கொடுத்தே ஆக வேண்டும். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’ என்று சிறுவர் அரங்குக்கென்றே எழுதினார்.

சிவகாசிக்கு இது ஏன் முக்கியம்?

இந்த ஊர்ப்பக்கம் ஒரு தலைமுறைக்குப் பிள்ளைப்பருவமே தீப்பெட்டி ஒட்டுவதில் கழிந்தது. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போன காலம் அது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே சிவகாசி இருந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை ஆபத்தான வேலையில் வைத்தவர்கள் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாத யாரையும் வெடிபொருள் வேலையில் வைக்கக் கூடாது. ‘வீட்டு வேலைதானே, கூடமாட ஒத்தாசை’ என்ற சாக்கும் இதில் செல்லாது.

ஆனாலும் இங்கே ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். விபத்துச் செய்தி இவர்களுக்கு டிவியில் ஓடும் செய்தி மட்டும் இல்லை, அடுத்த தெருச் செய்தி. இவர்களிடம் போய் ‘பட்டாசு ஆபத்தானது’ என்று மைக்கில் பாடம் எடுத்தால் கொட்டாவிதான் வரும்.

அப்போ எப்படி எழுதணும்?

*இடம் விட்டு எழுதுங்க.* ‘இங்கே குழந்தைகள் பதில் சொல்வார்கள்’ என்று ஸ்கிரிப்டிலேயே காலி இடம் வேண்டும். சரியான பதில், தப்பான பதில், அமைதி என மூன்றுக்கும் அடுத்த வரியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தப்பான பதில் வந்தால் திட்டக் கூடாது. வெடிவேலு அதைச் செய்துபார்த்துச் சொதப்பட்டும்.

*வசனம் சின்னதா இருக்கட்டும்.* நடிப்பதும் குழந்தைகள்தானே? ஒரு மூச்சில் சொல்ல முடியாத வரி மேடையில் மறந்துபோகும்.

*எல்லாருக்கும் வேலை கொடுங்க.* நாற்பது பிள்ளைகளில் நாலு பேர் நடித்தால், மீதி முப்பத்தாறு பேர் ஆலைச் சங்காக, பஸ்ஸாக, புஸ்வாணமாகச் சத்தம் எழுப்பலாம். பழைய காலண்டரின் பின்பக்கமே திரைச்சீலை. நிஜப் பட்டாசு, நிஜத் தீக்குச்சி மேடைக்கு வரவே கூடாது.

*கடைசியில் அறிவுரை வேண்டாம்.* அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நாடகம் போட நல்ல வாய்ப்பு. ஆனால், பத்து நிமிட நாடகத்தில் மூன்று நிமிடம் அறிவுரை என்றால், அது மாறுவேடம் போட்ட பிரேயர் கூட்டம்!

சிரிப்பு எங்கே நிற்கணும்?

காயம்பட்டவரைப் பார்த்து ஒருபோதும் சிரிக்கக் கூடாது. ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்கிற பெரியவரைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

கஷ்டமான இடமும் ஒன்று உண்டு. அப்பா ஒரு பையில் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருகிறார். “ராத்திரி உட்கார்ந்து சுத்துனா ரெண்டு காசு கிடைக்கும்ல” என்கிறார். இங்கே நாடகத்தை நிறுத்துங்கள். பார்க்கிற பிள்ளைகளில் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு, “இப்போ நீ என்ன சொல்லுவ?” என்று கேளுங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த ‘ஃபோரம் தியேட்டர்’ முறை இது. பார்வையாளர் மேடையேறி, பாத்திரமாகவே மாறிக் கதையைத் திருப்பிப் பார்ப்பார்.

வெடிவேலு மாமாவிடம் கத்திச் சொன்ன அதே குழந்தை, இங்கே தயங்கும். ஏனென்றால், இது அப்பா. பைக்குள் இருப்பது ஆபத்து என்று குழந்தைக்குத் தெரியும். அந்த ரெண்டு காசில்தான் நோட்டு வாங்கணும் என்பதும் தெரியும். அதனால் நடத்துபவர் அவசரப்படுத்தக் கூடாது, ‘எங்க வீட்டுலயும் இப்படித்தான்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லவைக்கவும் கூடாது. நாடகம் முடிந்ததும் டீச்சர் தனியாகப் பேச நேரம் ஒதுக்க வேண்டும். 1098 என்ற இலவச உதவி எண்ணைச் சொல்லித் தர வேண்டும். ஏனென்றால், ஒரு வீட்டையே திருத்தும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளை தலையில் ஏற்ற முடியாது.

நாடகத்தால் முடிவது ஒன்றுதான். “வேண்டாம்ப்பா” என்ற சொல்லை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க, அடி விழாத ஓர் இடத்தை அது தரும்.