தீப்புண் ஆறிய பின்னர்

தீப்புண் பட்டவரைப் பற்றி நமது ஊர்களில் விசாரித்தால், "புண் ஆறிவிட்டது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஆறிவிட்டதென்றால் காரியம் முடிந்தது என்பது மக்களின் எண்ணம். சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கிராம சபைக் கூட்டம் முடிந்து நான் புறப்படும் தருவாயில், ஓர் அம்மையார் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்து, அவனுக்கு மாற்றுத் திறனாளி அடையாள அட்டை கிடைக்க வழி செய்யுமாறு கேட்டார். சிறுவனுடைய வலக்கையின் நான்கு விரல்களும் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிக் கிடந்தன. மூன்று வயதில் வடிகஞ்சிப் பாத்திரத்தில் கையை வைத்துவிட்டானாம். மருத்துவமனையில் இருபது நாட்கள் இருந்து, புண் நன்றாக ஆறி வீடு திரும்பினானாம். "அதற்கப்புறந்தான் ஐயா, கை தானாகவே மூடிக்கொண்டு போயிற்று" என்றார் அம்மையார்.

மருத்துவமனைச் சீட்டு அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பதினைந்து நாட்கள் கழித்து மீண்டும் வருமாறு அதில் தேதி குறிக்கப்பட்டிருந்தது. அது நடவுக் காலம். ஆகவே அவர்கள் போகவில்லை. அந்தத் தேதியில் எவ்வளவு அடங்கியிருந்தது என்பதை அன்று நானும் முழுதும் அறிந்திருக்கவில்லை. அச்சிறுவனுக்காகத் தீக்காயச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவந்த நாட்களில் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றை, ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகின்றேன்.

நெல் அவிக்கும் அண்டா, வெல்லம் காய்ச்சும் கொப்பரை, சோறு வடிக்கும் பானை, பம்பு செட்டின் மின்கம்பி, தீமிதிக் குழி ஆகிய இவையனைத்தும் கிராம வாழ்க்கையோடு ஒட்டியவை. காய்ச்சிய பாகு வெந்நீரைவிடச் சூடு மிகுந்தது. தோலில் ஒட்டிக்கொண்டு நீங்காமல் எரிப்பது. எதனால் சுட்டாலும் முதற்காரியம் ஒன்றுதான். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடங்கள் இடைவிடாது ஊற்ற வேண்டும். நெருப்பு அணைந்த பின்னும் தோலுக்குள் தங்கிய சூடு உள்ளே இறங்கிச் சுட்டுக்கொண்டேயிருக்கும். அதைத் தடுப்பது தண்ணீரே. உடனே ஊற்ற இயலாமற் போனாலும், சுட்ட 3 மணி நேரத்திற்குள் ஊற்றினால் பயன் உண்டு. பனிக்கட்டி கூடாது. சிறு குழந்தையாயின் உடம்பின் மற்றப் பகுதியைப் போர்த்திக் குளிர் தாக்காமல் காக்க வேண்டும். வளையல், மோதிரம், மெட்டி, அரைஞாண் முதலியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றிவிட வேண்டும். பிறகு வெட்டித்தான் எடுக்க நேரும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. அதன்பின் சுத்தமான வெள்ளைத் துணியால் மூடி, 108 வண்டியை அழைக்கலாம். நமது மாநிலத்தில் இவ்வண்டிகள் 2008-ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றன.

மை, பற்பசை, மாவு, முட்டை வெள்ளை, மஞ்சள், சாணம் என்று நாம் பூசுகின்ற பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புண்ணின் நிறத்தைப் பார்த்தே மருத்துவர் அதன் ஆழத்தைக் கணிக்கின்றார். பூச்சை நீக்கினாலன்றி அவர் எதையும் அறிய இயலாது. நீக்கும்போது நோயாளி துடிப்பார். சாணத்தினால் இரணஜன்னியும் வரக்கூடும். இது படியாத மக்களின் தவறு மட்டுமென்று எண்ண வேண்டாம். 1925 முதல் மேல்நாட்டு மருத்துவமனைகளிலேயே டானிக் அமிலத்தைத் தீப்புண்ணின்மீது பூசி வந்தார்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள, தோல் பதனிடப் பயன்படும் துவர்ப்புப் பொருளே அது. புண்ணின்மேல் அது கெட்டியான பொருக்கை உண்டாக்கிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் பலர் கையும் முகமும் வெந்து வந்தபோது, அப்பொருக்கு விரல்களை விறைக்கச் செய்து முடமாக்குவதைக் கண்டார்கள். அதன் பிறகே கைக்கும் முகத்திற்கும் அதைப் பூசும் வழக்கம் கைவிடப்பட்டது.

இனி மருத்துவமனையில் நடப்பதைப் பார்ப்போம். மருத்துவர் முதலில் அறிய விரும்புவன இரண்டு: எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு. மேல்தோல் மட்டும் வெந்தால் சிவந்து எரியும். சில நாட்களில் ஆறும். உள்தோலின் மேற்பகுதிவரை சென்றால் கொப்புளமும் கடும் வலியும் உண்டாகும்; இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஆறும். தோல் முழுவதும் வெந்துவிட்டாலோ உணர்வு நரம்புகளும் அழிந்து போவதால் அவ்விடம் வெளுத்தோ கருகியோ தோற்பட்டை போல் ஆகும், வலி தெரியாது. "வலிக்கவில்லை என்கிறான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தாமதிப்பது இத்தகைய காயத்தில்தான். வலியில்லாத தீப்புண்ணே பெருந்தீப்புண்.

பரப்பை அளக்க எளிய கணக்கு உண்டு. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, ஏறத்தாழ அவர் உடம்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. பெரிய காயங்களுக்கு ஒன்பதின் கணக்கு என ஒன்று 1951-இல் வெளியாயிற்று. தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, எஞ்சியது 1. கைக்குழந்தைக்குத் தலை பெரிதாகையால் அதற்கு மட்டும் 18 கொள்வர். கால்களுக்கு அதற்கேற்பக் குறைப்பர்.

இந்தப் பரப்பைக் கொண்டே நரம்பு வழியாக ஏற்றவேண்டிய திரவத்தைக் கணக்கிடுகின்றனர். வெந்த உடம்பிலிருந்து நீர் கசிந்து இரத்தம் வற்றிப்போவதே முதல் இரண்டு நாட்களில் உயிருக்கு வரும் ஆபத்து. ஒரு கிலோ எடைக்கு, நூற்றில் ஒரு பங்கு காயத்திற்கு 4 மில்லி லிட்டர் என்பது 1968-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்து மருத்துவர் பாக்ஸ்டர் வகுத்த கணக்கு. இக்காலத்தில் இதைவிடக் குறைத்துத் தொடங்குவோரும் உண்டு. இதன்படி 50 கிலோ எடையுள்ளவருக்கு நூற்றில் 30 பங்கு வெந்தால் முதல் நாளில் 6 லிட்டர் வேண்டும். அதிற்பாதி, அதாவது 3 லிட்டர், முதல் 8 மணி நேரத்திற்குள் ஏறவேண்டும். இந்த 8 மணி நேரம் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதன்று. சுட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது. ஆகவே உடன் செல்லுகிறவர் சுட்ட மணியை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்வது பேருதவியாகும். தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே ஓடுவதைவிட, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் திரவம் ஏற்றத் தொடங்கி, அவர்கள் அனுப்பும் வழியிற் செல்வதே பல வேளைகளில் உயிரைக் காக்கும்.

முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டுகள் ஆகியவற்றில் பட்ட காயமும், கை கால்களைச் சுற்றி வளைத்த காயமும், புகையை உள்ளிழுத்தவரும், அமிலம் பட்டவரும், குழந்தைகளும் முதியோரும் சிறப்புப் பிரிவுக்குச் செல்லவேண்டியவர்கள். சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நம் மாநிலத்தில் இதற்குப் பெயர் பெற்றது. மின்சாரம் தாக்கியவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விரலில் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். உள்ளே தசை முழங்கை வரை வெந்திருக்கக்கூடும். இதயத்தின் துடிப்பு தவறலாம். சிறுநீர் கறுத்துச் சிறுநீரகம் கெடலாம். புள்ளி சிறிதென்று வீட்டில் வைத்திருத்தல் கூடாது. தீக்காயம் என்றால் மருத்துவமனையார் காவல் நிலையத்திற்கு அறிவிப்பது வழக்கமான நடைமுறை. இதற்கு அஞ்சி, அதிலும் பெண்கள் வெந்த வேளைகளில், நோயாளியை வீட்டிலேயே மறைத்து வைக்கும் கொடுமையை நம்மவர்கள் இன்னும் விட்டபாடில்லை. ஊராட்சித் தலைவர் தாமே முன்னின்று வண்டியில் ஏற்றி அனுப்பவேண்டிய சமயம் அதுவே.

நோயாளியைப் பச்சை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. மும்பை சயான் மருத்துவமனை மருத்துவர்கள் அதையே முறைப்படுத்தினார்கள். இலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கிக் கட்டுத்துணியாகப் பயன்படுத்தினர். இலையின் மெழுகுப் பூச்சினால் புண்ணில் ஒட்டுவதில்லை, பிரித்தெடுக்கையில் வலியில்லை, செலவும் சொற்பம். கிருமி நீக்கப்பட்டது என்பதே இதில் முக்கியம். கொல்லையில் அறுத்த இலையை நாமே வைத்துக் கட்டுவது இதனோடு ஒப்பாகாது.

ஆழமாக வெந்த தோல் தானே வளர்ந்து மூடாது. அதை நீக்கிவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்ட வேண்டும். இதுவே தோல் ஒட்டு. செத்த தோல் தானே அழுகி விழும்வரை வாரக்கணக்கிற் காத்திருப்பதே முன்னாளைய வழக்கம். சுலோவேனியாவின் மரிபோர் நகரத்து மருத்துவர் சோரா யான்செகோவிச் என்னும் பெண்மணி, சில நாட்களுக்குள்ளேயே அதைச் சீவியகற்றி ஒட்டுப் போடும் முறையை 1970-இல் வெளியிட்டார். சீழ் பிடித்தல் குறைந்தது, தழும்பும் குறைந்தது. தொடையில் தோலெடுத்த இடம் இரு வாரங்களில் தானே ஆறிவிடும். உடம்பு பெரும்பகுதி வெந்தவருக்கு எடுப்பதற்குத் தோல் ஏது? அவருக்கு, இறந்தோர் ஈந்த தோல் தற்காலிகப் போர்வையாகிறது. இறந்த 6 மணி நேரத்திற்குள் எடுக்கலாம். இரத்த வகை பொருந்தவேண்டியதில்லை. கண் தானத்திற்கு மனமுவந்து முன்வரும் நம் மக்கள் இதை அதிகம் கேள்விப்பட்டதில்லை.

உணவு பற்றிய தப்பெண்ணம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புண் உள்ளவன் முட்டையும் மீனும் பருப்பும் தின்றால் சீழ் வைக்கும் என்று பத்தியம் வைத்து, கஞ்சி மட்டும் கொடுக்கின்றனர். வெந்த உடம்பு புதுத்தோலை உண்டாக்கப் புரதத்தைப் பெருமளவில் கேட்கின்றது. அது வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். மருத்துவமனையார் நாள்தோறும் முட்டை கொடுக்கச் சொல்லியும், பாட்டிமார் அதை ஒளித்துவைக்கும் காட்சியை நான் வார்டிலேயே கண்டேன்.

இப்பொழுது அச்சிறுவனுடைய சீட்டுக்கு வருவோம். மூன்று வாரங்களுக்குமேல் சென்று ஆறும் தீப்புண் பெரும்பாலும் தடித்த தழும்பாகும். புண் மூடிய நாளிலிருந்துதான் தழும்பின் வேலை தொடங்குகின்றது. அது சிவந்து, தடித்து, அரித்து, ஓராண்டு, சில வேளை ஈராண்டு வரையில் சுருங்கிக்கொண்டே போகும். மூட்டின்மேல் இருந்தால் மூட்டை மடக்கிவிடும். கழுத்தில் இருந்தால் தாடையை மார்போடு இழுத்துவிடும். நோயாளிக்கு எந்த நிலை சுகமாயிருக்கின்றதோ, அந்நிலையிலேயே உறுப்பு ஒட்டிக்கொள்ளும் என்பது மருத்துவர்கள் கூறும் விதி. கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைப்பது அன்பாகத் தோன்றும், அதுவே தீங்கு. முழங்கை நீட்டியும், அக்குள் விரித்தும், உள்ளங்கை வெந்தால் விரல்கள் நிமிர்ந்தும் இருக்க வேண்டும். இதற்காகவே சிம்பு வைத்துக் கட்டுகின்றார்கள். தழும்பு தடிக்காதிருக்க இறுக்கமான உடையொன்றை அளவெடுத்துத் தைத்து, நாளொன்றுக்கு 23 மணி நேரம், குளிக்கும் வேளை தவிர, மாதக்கணக்கில் அணியச் சொல்வார்கள். கோடையில் இது எளிதன்று. எண்ணெய் தேய்த்து உருவுவதும், இயன்முறை மருத்துவர் கற்பித்தபடி மூட்டை அசைப்பதும் நாள்தோறும் வேண்டும். குழந்தை அழும் என்று தாய் விட்டுவிடுகின்றாள், கை மூடுகின்றது. குழந்தை வளர்கின்றது, தழும்பு வளர்வதில்லை. ஆகவே சுருக்கம் மேலும் கூடுகின்றது.

மூடிய கையையும் அறுவையால் விரிக்கலாம். ஆனால் ஆண்டுகள் பல சென்றால் மூட்டும் நரம்பும் குறுகிப்போவதால் முழுப்பயன் கிட்டாது. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: பழந்தழும்பு அடிக்கடி வெடித்து ஆறாத புண்ணாக நின்றால், பல ஆண்டுகளுக்குப் பின் அது புற்றுநோயாக மாறுவதுண்டு. அத்தகையோரை உடனே அனுப்ப வேண்டும்.

முகம் வெந்தவருக்கு மருத்துவமனை செய்யக்கூடியதற்கு ஓர் எல்லையுண்டு; மிச்சம் ஊராரிடம் இருக்கின்றது. முன்னே சொன்ன போர் விமானிகளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரில் மெக்கிண்டோ என்ற மருத்துவர் சிகிச்சை செய்தார். உருக்குலைந்த முகத்தோடு அவர்களைக் கடைவீதிக்கும் உணவுச் சாலைக்கும் அனுப்பினார். உற்றுப் பார்க்காமல் இயல்பாகப் பழகுமாறு ஊராரைக் கேட்டுக்கொண்டார். ஊராரும் அவ்வாறே செய்தனர். உற்றுப் பார்க்காத ஊர் என்றே அதற்குப் பெயராயிற்று. நூறு நாள் வேலைத் தளத்தில், கழுத்தில் தழும்புள்ள பெண்ணைத் தனியே உட்கார வைக்கும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்து நான் வெட்கமுற்றதுண்டு.

சிறுவனுக்கு அறுவை நடந்தது. அடிவயிற்றோரத்துத் தோலெடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள். விரல்கள் நிமிர்ந்திருக்கச் சில வாரங்கள் கம்பி பொருத்தினார்கள். மூன்று விரல்கள் நன்றாக விரிகின்றன, சுண்டுவிரல் பாதிதான். இரவில் சிம்பு கட்டிக்கொண்டு உறங்குகின்றான். அடுத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நாளை, தந்தையின் வேண்டுகோளின்படி, ஊராட்சிச் செயலர் அலுவலகக் கரும்பலகையில் குடிநீர் வரும் நேரத்திற்குக் கீழே எழுதி வைத்திருக்கின்றார். அதுவும் நடவுக் காலத்தில்தான் வருகின்றது. அன்றைக்கு அவர் வயலுக்கு ஆள் விட ஊராட்சி உறுப்பினர் ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார்.