கண்ணாடி முன் புஜத்தை முறுக்கினால் பலம் வருமா?

காஞ்சீபுரம், மாமல்லன் ஆண்ட ஊர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் அது. மல்லன் என்றால் மல்யுத்த வீரன். மாமல்லன் என்றால் பெரிய மல்லன்.

அவன் காலம் போய் 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், உடம்பை வளர்க்கும் ஆசை வாலிபர்களை விட்டுப் போகவில்லை.

காலையில் தண்டால், பஸ்கி. மாலையில் இரும்புக் குண்டு. அதன் பிறகு நிலைக்கண்ணாடி! சட்டையைக் கழற்றிவிட்டு, கையை மடக்கி, புஜத்தை முறுக்கி, மார்பை விரித்து நிற்கிறான் வாலிபன்.

"என்னடா, கண்ணாடியே கதி என்று நிற்கிறாய்?" என்று தாய் கேட்கிறாள்.

"இதுவும் பயிற்சிதான் அம்மா" என்கிறான் மகன்.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. பல வீடுகளில், மகனின் உடம்பை நம்பித்தான் குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது. தமிழ்நாடு போலீஸ் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மார்பு 81 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரியவேண்டும். அதோடு போகாது. 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கவேண்டும். கயிறு ஏறவேண்டும். அங்கே கண்ணாடி கிடையாது!

பனியனுக்குப் பெயர் கொடுத்தவர்

தசையை முறுக்கிக் காட்டுவதை உலகம் எங்கும் பரப்பியவர் ஒருவர். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஆனால், அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. கையில்லாத பனியனுக்கு "சாண்டோ பனியன்" என்று பெயர் அல்லவா? அந்தச் சாண்டோதான் அவர்!

யூஜின் சாண்டோ 1867-ல் பிரஷியா நாட்டில் பிறந்தவர். மேடையில் பெரிய பெரிய பாரங்களைத் தூக்கிக் காட்டினார். 1893-ல் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் அவருடைய காட்சி நடந்தது. அவர் தூக்கிய பாரத்தைவிட, அவருடைய தசைகளைப் பார்க்கவே கூட்டம் ஆசைப்பட்டது. அதன் பிறகு, தசைகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் காட்டுவதே தனிக் காட்சி ஆயிற்று. 1901-ல் லண்டனில் அவர் பெரிய ஆணழகன் போட்டியே நடத்தினார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அதற்கு நீதிபதிகளில் ஒருவர்!

1904-05-ல் சாண்டோ இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயரே பலசாலிகளுக்குப் பட்டம் ஆகிவிட்டது. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர், "சாண்டோ" சின்னப்பா தேவர் ஆனதும் இப்படித்தான்.

ஒன்றை மறக்கக்கூடாது. சாண்டோ தசையை முறுக்கி மட்டும் பலசாலி ஆகவில்லை. முதலில் பாரம் தூக்கினார். பிறகுதான் முறுக்கிக் காட்டினார்.

கயிறு இழுக்கும் போட்டி

புஜத்தை முறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கையின் முன்பக்கத் தசை, கையை மடக்கப் பார்க்கிறது. பின்பக்கத் தசை, கையை நீட்டப் பார்க்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. சம பலமுள்ள இரண்டு பேர் கயிறு இழுப்பது போலத்தான் இது. கயிறு எந்தப் பக்கமும் நகராது. ஆனால், இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டும்!

ஆகவே, வெளியே அசைவு இல்லை என்றாலும் உள்ளே வேலை நடக்கிறது. 1953-ல் ஜெர்மனியில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். அசையாத பொருளை ஒரு நாளைக்குச் சில விநாடி அழுத்தினாலே வாரத்துக்கு 5 சதவீதம் பலம் கூடும் என்று சொன்னார்கள். உலகமே பரபரப்பு அடைந்தது. பிறகு மற்றவர்கள் சோதித்தபோது அவ்வளவு பலம் கூடவில்லை. ஆனால், கொஞ்சம் கூடியது உண்மை.

ஒரு கை பாரம், ஒரு கை வெறுங்கை!

2016-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதுதான் தாய்க்கும் மகனுக்கும் தீர்ப்புச் சொல்கிறது.

சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கையால் பாரம் தூக்கினார்கள். மற்றொரு கையில் பாரம் இல்லை. வெறும் கையையே, தசையை முழுப் பலத்தோடு முறுக்கியபடி மடக்கி நீட்டினார்கள். இப்படி 6 வாரத்தில் 18 தடவை பயிற்சி நடந்தது.

முடிவு என்ன? தசையின் பருமன் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது!

ஆனால், அதிக பாரத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது குட்டு வெளிப்பட்டது. பாரம் தூக்கிப் பழகிய கைதான் நன்றாக முன்னேறி இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. வேலைக்கு இரண்டும் வேறு!

தறியும் தோளும்

இதற்குக் காரணம் தெரிய அமெரிக்கா போகவேண்டியது இல்லை. காஞ்சீபுரத் தெருவிலேயே தெரியும்.

பட்டு நெசவாளி குழித்தறியில் உட்காருகிறார். காலால் மிதிக்கிறார். கையால் நாடாவை ஓட்டுகிறார். நாள் முழுவதும் அதே வேலை. அவர் காலும் கையும் சளைப்பது இல்லை.

வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள், வரதராஜப் பெருமாளுக்குக் கருடசேவை. வாகனத்தின் தண்டைத் தோளில் தாங்கி, ஊர் முழுக்க நடக்கிறார்கள் சீர்பாதம் தாங்கிகள். அந்தத் தோள்களும் சளைப்பது இல்லை.

இவரை அங்கேயும் அவரை இங்கேயும் மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு தெரு தாண்டுவதற்குள் நெசவாளியின் தோள் கெஞ்சும். ஒரு முழம் நெய்வதற்குள் தாங்கியின் கால் மரத்துப்போகும். இரண்டு பேரும் பலசாலிகள்தான். ஆனால், உடம்பு எதைப் பழகுகிறதோ அதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

பக்கத்து வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். இரண்டு முறைகளிலும் சேர்த்து அவர் தூக்கியது 328 கிலோ! 2018-ல் மீண்டும் தங்கம். கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நொடி தவறாமல் சேர்ந்தால்தான் அந்தப் பாரம் தலைக்கு மேல் போகும். அந்த ஒற்றுமையைக் கண்ணாடி கற்றுத் தராது. தூக்கித் தூக்கித்தான் கற்கவேண்டும்.

அப்படியானால் வீணா?

வீண் அல்ல! ஆணழகன் போட்டிக்குப் போகிறவருக்கு முறுக்கிக் காட்டுவதே போட்டி. அவர் அதைப் பழகியே தீரவேண்டும். மற்றவர்களுக்கும், எந்தத் தசை எங்கே வேலை செய்கிறது என்பது பிடிபடும். பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட முடியாத ஏழைப் பையனுக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இது மேல்.

வங்காளத்தைச் சேர்ந்த மனோகர் ஐச், வெள்ளையர் காலத்தில் சிறைக்குப் போனவர். கருவி எதுவும் இல்லாமல் அங்கேயே தேகப்பயிற்சி செய்தார். உயரம் 5 அடிகூட இல்லாத அவர், 1952-ல் தமது பிரிவில் "மிஸ்டர் யூனிவர்ஸ்" பட்டம் வென்றார். 104 வயது வரை வாழ்ந்து 2016-ல் காலமானார்.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 270 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல அசையாமல் நிற்கும் பயிற்சி, ரத்த அழுத்தத்தைக் குறைக்க நல்ல உதவி செய்கிறதாம்.

ஆனால், ஓர் எச்சரிக்கை! தசையை முறுக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் ரத்த அழுத்தம் அந்த நேரத்தில் திடீரென்று ஏறும். இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

வாலிபர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மேடையில் மின்னும் உடம்பைப் பார்த்து மயங்கவேண்டாம். நரம்பு தெரியவேண்டும் என்று சிலர் தண்ணீரைக்கூடக் குறைத்துவிட்டு மேடை ஏறுகிறார்கள். ஊசி மருந்து போட்டுத் தசையை ஊதவைத்து, உயிருக்கே உலை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தாயும் மகனும்

ஆகவே, மகன் சொன்னது பாதி சரி. கண்ணாடி முன் நிற்பதும் ஒரு பயிற்சிதான். தாய் சொன்னதும் பாதி சரி. அதுவே கதி என்று நிற்கக்கூடாது!

ஓடவேண்டியவன் ஓடிப் பழகவேண்டும். கயிறு ஏறவேண்டியவன் கயிற்றைப் பிடிக்கவேண்டும். பாரம் தூக்கவேண்டியவன் பாரத்தைத் தொடவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு நிமிடம் கண்ணாடி முன் நின்று புஜத்தை முறுக்கிப் பார்க்கட்டும்.

அப்போது தாயும் திட்டமாட்டாள். எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்!