நசுக்கிய காற்றின் நெருப்பு

செம்பனைப் பழத்தில் எலி தின்பது சதையை. எண்ணெய் இருப்பதும் அதே சதையில்தான். மலேசியாவில் கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்துச் செர்டாங் பக்கம், ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. எல்லைக்கு அப்பால் பேராக்கின் கிரியான் வயல்வெளி. எலிக்கு இரு பக்கமும் விருந்து. வீட்டுக் கொல்லையில் அணிலின் ஆட்சி. தென்னங்குரும்பை முதல் ரம்புத்தான் வரை எதையும் விட்டுவைக்காது.

இவற்றை விரட்ட மனிதர் எடுத்த ஆயுதங்களில் ஒன்று காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது, நெருப்பும் கிடையாது என்பதுதான் அதைப் பற்றிய பொதுவான எண்ணம். வெடிமருந்து இல்லை என்பது உண்மை. நெருப்பைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

பழைய காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குழலை மடக்கித் தயார் செய்பவை. மடக்கும்போது உள்ளே தடித்த எஃகுச் சுருள்வில் ஒன்று சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். ஈயக்குண்டை வைத்துக் குழலை நிமிர்த்துகிறோம். இந்த நிலையில் துப்பாக்கிக்குள் அழுத்தப்பட்ட காற்று துளிக்கூட இல்லை. நாம் மூச்சு விடும் அதே காற்றுதான் இருக்கிறது. விசையை இழுத்த பிறகுதான் வில் விரிகிறது. அது தள்ளும் பிஸ்டன் முன்னே பாய்ந்து, நொடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அந்தக் காற்றை ஒரு மூலையில் நசுக்குகிறது.

காற்றை மெதுவாக அழுத்தினால் அதில் பிறக்கும் சூடு சுவர் வழியே வெளியேறிவிடும். சட்டென்று அழுத்தினால் வெளியேற நேரம் இல்லை. சூடு சற்றும் கசியாமல் காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்குவதாகக் கணக்குப் போட்டால், அழுத்தம் அறுபது மடங்குக்கு மேல் உயர்கிறது. வெப்பநிலை 700 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. நிஜத் துப்பாக்கியில் கொஞ்சம் சூடு இழப்பாகும். ஆனாலும் சிலிண்டரில் எண்ணெயை அதிகமாக விட்டவர்களுக்கு அதன் விளைவு தெரியும். சுட்டதும் 'டப்' என்று வழக்கத்தை மீறிய சத்தம், குழல்வாயில் மெல்லிய புகை, கருகிய வாடை. தீக்குச்சி இல்லாமலேயே எண்ணெய் பற்றிக்கொண்டது. டீசல் எஞ்சின் இயங்குவதும் இதே முறையில்தான்.

இந்த வித்தை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மலாய் தீபகற்பத்தில் 'கோபெக் ஆப்பி' என்ற நெருப்புக் குழல் இருந்தது. மரத்திலோ கொம்பிலோ செய்த, ஒரு முனை அடைத்த சிறு குழல். அதற்குள் இறுகப் பொருந்தும் தண்டு. தண்டின் நுனிக் குழியில் கொஞ்சம் பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி அடித்துச் சட்டென்று உருவினால் பஞ்சில் கங்கு மினுங்கும். ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் ஹென்றி பால்ஃபோர் 1907-இல் இந்தக் கருவியைப் பற்றி விரிவாகவே எழுதினார். பினாங்கிலிருந்து கார்ல் ஃபொன் லிண்டே கொண்டுபோன ஒரு நெருப்புக் குழல்தான் மியூனிக்கில் அவருடைய மாணவர் ருடால்ஃப் டீசலுக்கு எஞ்சினின் பொறியைத் தந்தது என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. கதை எப்படியானாலும் நெருப்புக் குழல், டீசல் எஞ்சின், காற்றுத் துப்பாக்கி மூன்றும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

இவ்வளவு அழுத்தமும் குண்டில் எவ்வளவு வேகமாகிறது? 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டின் எடை ஏறக்குறைய அரை கிராம். அது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 10 ஜூல். ஒரு கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலும் அவ்வளவுதான். ஆனால் இங்கே அத்தனையும் ஒரு மிளகளவு இடத்தில் இறங்குகிறது. அணிலைக் கொல்லவும் குழந்தையின் கண்ணைப் பறிக்கவும் அது போதும். குண்டின் இடுப்பு ஒடுங்கி, பின்புறம் குழிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. மெல்லிய பின்விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் பூப்பந்தின் இறகுகளைப் போலக் காற்றைப் பிடித்து, குண்டை நேராகப் பறக்க வைக்கும்.

பிபி துப்பாக்கி இந்தக் காற்றுத் துப்பாக்கியின் எளிய தம்பி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் ஊரில் காற்றாலை செய்துவந்த ஒரு நிறுவனம், வாங்கும் விவசாயிகளுக்கு இனாமாகத் தருவதற்கென்று 1888-இல் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கியை எடுத்தது. காற்றாலையை விட இனாமுக்கே கிராக்கி அதிகமாகிவிட, 1895-இல் நிறுவனம் தன் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்டது. பிபியில் இன்று போடுவது உருண்டையான எஃகுக் குண்டு. ஈயம் பட்ட இடத்தில் நசுங்கும். எஃகு நசுங்காமல் சுவரிலோ கல்லிலோ பட்டுச் சுட்டவரிடமே திரும்பிப் பாயும்.

மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கணக்கெடுக்கிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கியானாலும், அணில் விரட்டத்தான் என்றாலும், போலீஸ் உரிமம் வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் எலியிடம் இந்தக் கருவி தோற்றுப்போகிறது. எலி இரவில் நடமாடும். சுடுபவருக்கோ கண் தெரிய வேண்டும். எலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். ஒன்றைச் சுட்டால் அதன் பங்குத் தீனியைத் தின்று அடுத்தது வளரும். ஒரு குண்டு ஓர் உயிரோடு முடிந்துவிடுகிறது. எலித்தொல்லையோ பிறப்பு விகிதத்தின் கணக்கு.

அதனால்தான் மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் கம்பத்தின் மேல் பெட்டி கட்டிக் கூகையைக் குடிவைத்தன. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும். எலி பெருகினால் கூகையும் கூடுதலாகக் குஞ்சு பொரிக்கும். அதுவும் காற்றழுத்தத்தை நம்பித்தான் வேட்டையாடுகிறது. ஒலி என்பது காற்றில் ஓடும் மிக நுண்ணிய அழுத்த அலை. கூகையின் காதுகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றது கீழேயும் இருக்கின்றன. அதனால் ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் நொடியின் லட்சத்தில் ஓரிரு பங்கு வித்தியாசம் இருந்தாலே, வலமா இடமா என்று அது கண்டுகொள்ளும். கும்மிருட்டிலும், சருகுக்குள் எலி அசையும் சத்தத்தை மட்டும் வைத்து அதனால் எலியைப் பிடிக்க முடியும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

கூகையின் எதிரி நாம் வைக்கும் மருந்து. புரோடிஃபக்கும் போன்ற வீரியமான எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சாவதற்குள் அதைப் பிடித்துத் தின்னும் கூகையின் உடம்பிலும் விஷம் சேரும். எனவே தோட்டத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் அந்த மருந்தைத் தவிர்ப்பதே முதல் வேலை. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள், கோழித்தீனியை மூடிவையுங்கள், கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள், தனித்து நிற்கும் தென்னையில் வழவழப்பான தகரப்பட்டை சுற்றுங்கள். தீனி குறைந்தால் எலி ஈனுவதும் குறையும். எஞ்சியதை இரவில் கூகை பார்த்துக்கொள்ளும்.