உங்களுக்குத் தெரியுமா? மதில் வேண்டாம், செடி வேலி போதும்!

லண்டனின் வடக்கே உள்ள ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் 1907-இல் உருவானதற்கு ஒரு ரயில்தான் காரணம். அருகிலுள்ள கோல்டர்ஸ் கிரீன் வரை சுரங்க ரயில் வரப்போகிறது, அதன் பின்னாலேயே வீடுகளும் நெருக்கியடித்து வந்துவிடும் என்று பயந்தவர் ஹென்ரியெட்டா பார்னெட். கிழக்கு லண்டனான ஈஸ்ட் எண்டின் ஏழைக் குடியிருப்புகளில் பல்லாண்டு சமூகப்பணி செய்த அம்மையார் அவர். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பரந்த பொதுவெளியை ஒட்டி 80 ஏக்கர் வெளியைத் திறந்தவெளியாகவே காப்பாற்றியதோடு நிற்காமல், பக்கத்திலேயே ஓர் ஊரையும் கட்ட முனைந்தார்.

வரைபடம் ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும் போட்டது. ஏக்கருக்குச் சராசரி 8 வீடுகள்தான். தெருவெல்லாம் மரங்கள். வீட்டுக்கு வீடு மதில் கிடையாது, செடி வேலிதான். வளைந்து போகும் குறுகிய தெருக்களுக்கு அன்றைய கட்டட விதிகளில் இடமில்லை. அதற்காகவே 1906-இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்கினார்கள். நடுச் சதுக்கத்தையும் அதன் இரு தேவாலயங்களையும் வடிவமைத்தவர், பின்னாளில் புது டெல்லியைத் திட்டமிட்ட அதே எட்வின் லட்யன்ஸ். ஊருக்குள் மதுக்கடை கூடாது என்பது அம்மையாரின் பிடிவாதம். தேவாலய மணிகூட யாருக்கும் தொந்தரவாக ஒலிக்கக் கூடாதாம்!

வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கென்றே 1909-இல் வாட்டர்லோ கோர்ட் என்ற அடுக்ககம் எழுந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். தொழிலாளியும் செல்வந்தரும் ஒரே ஊரில் வாழ வேண்டும் என்றுதான் இத்தனையும் திட்டமிட்டார்கள். இன்றோ லண்டனில் வீட்டு விலை மிக உயர்ந்த பகுதிகளில் இதுவும் ஒன்று.